செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என் கார் முதல் தடவை பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நின்றது. ஏப்ரல் மதியம், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் பஸ் ஹாரன். செல்ஃப் நன்றாகவே எடுக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஆள் வந்து பார்த்து, பேட்டரி மாற்றினார், 4,800 ரூபாய், வண்டி கிளம்பியது. ஐந்து வாரம் கழித்து ஓசூர் ரோட்டில் அதே கதை. இந்த முறை நாலு ஸ்பார்க் பிளக், 1,100. கிளம்பியது. ஜூலையில் மறுபடியும் நின்றது, பெட்ரோல் பம்ப் என்றார்கள், கூலியோடு 7,200. அதுவும் கிளம்பியது! மூன்று பேருமே சரியாகச் செய்ததாகத்தான் நானும் நம்பினேன், நான்காவது தடவை அல்சூரில் நிற்கும் வரை.

கடைசியில் போனது கிராங்க் சென்சார், இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்னப் பாகம். பாகம் 950, கூலி 400. பேட்டரியும் பிளக்கும் பம்ப்பும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. அப்படியானால் ஒவ்வொரு முறையும் வண்டி ஏன் கிளம்பியது? அதை ஆறாவது படியில் சொல்கிறேன். உங்கள் வண்டி ஓடி சூடான பிறகு நிற்கிற ஜாதி என்றால், அங்கிருந்தே படிக்கலாம்.

கீழே இருப்பது எல்லாம் பெட்ரோல் வண்டியை மனதில் வைத்து எழுதியது, டீசலுக்குத் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது. முழுதாகப் பார்க்க அரை மணி நேரம் போதும். எலக்ட்ரானிக் கடைகள் இருக்கிற எஸ்பி ரோட்டில் 400 ரூபாய்க்குக் கிடைக்கிற, வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதி வேலையைக் காதும் கண்ணுமே செய்துவிடும்.

1. சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள்

முதலில் ஹஸார்டு லைட், பின்னால் முக்கோணப் பலகை. அப்புறம் ஒரு தடவைக்கு ஐந்து விநாடி, மிஞ்சிப்போனால் பத்து விநாடி, அதற்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகும், பேட்டரி இறங்கும். அதற்குப் பிறகு வருகிற மெக்கானிக்குக்கு உங்கள் உண்மையான கோளாறு தெரியாது, நீங்கள் புதிதாக உண்டாக்கிய கோளாறுதான் தெரியும்.

"தள்ளி விடலாமா சார்?" என்று நாலு பேர் வருவார்கள், நல்ல மனசுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், தள்ளினால் இன்ஜின் சுற்றும், செல்ஃப் அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பேட்டரி படுத்திருந்தாலோ செல்ஃபே எடுக்காவிட்டாலோ மட்டுமே தள்ளுவதில் பலன். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியாகப் போய் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதுதான் மிச்சம். ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு மிக முக்கியம். மழைத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் ஒரு தடவை கூட செல்ஃப் அடிக்கக் கூடாது. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் பேஸ்மென்டில் மூழ்கிய வண்டிகள் ஞாபகம் இருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அந்த இன்ஜின் சேதத்துக்குப் பணம் வராது, இன்ஜின் புரொடெக்ட் என்கிற ஆட்-ஆன் இருக்க வேண்டும். தண்ணீர் எதுவரை நின்றது என்று போட்டோ எடுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுங்கள், டோயிங் கூப்பிடுங்கள், அவ்வளவுதான்.

2. சத்தத்தைக் கேளுங்கள்

ஜன்னலைத் திறந்து, பாட்டை நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு ஒரு தடவை அடித்துக் கேளுங்கள்.

இழுத்து இழுத்து, மூச்சு வாங்குகிற மாதிரி சுற்றினால் பேட்டரி அல்லது அதன் முனையான டெர்மினல். மல்டிமீட்டரில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 பக்கம் என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். ஆனால் வாங்குவதற்கு முன் டெர்மினலில் வெள்ளை பூத்திருக்கிறதா, கையால் ஆட்டினால் ஆடுகிறதா என்று பாருங்கள்.

வழக்கமான வேகத்தில், வழக்கமான தாளத்தில் சுற்றினால் பேட்டரி குற்றவாளி இல்லை. என் வண்டி இப்படித்தான் சுற்றியது. அன்றைக்கு இது தெரிந்திருந்தால் 4,800 மிச்சம்.

வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் 'விர்ர்ர்' என்று மிக்ஸி மாதிரி சுற்றினால் உடனே நிறுத்துங்கள். பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும், மேற்கொண்டு அடிப்பது செலவைத்தான் ஏற்றும். நேராக டோயிங்.

3. டேஷ்போர்டு என்ன சொல்கிறது

சாவியை ஆனில் வையுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். புஷ் பட்டன் வண்டி என்றால் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தடவை அழுத்துங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். இந்த இடத்தில் எரிந்தால்தான் நல்லது. எரியவே இல்லையென்றால் இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கரன்ட்டே போகாமல் இருக்கலாம், மெயின் ரிலேயையும் (கரன்ட்டைத் திறந்து மூடுகிற சின்ன ஸ்விட்ச்) ஃபியூஸையும் பாருங்கள்.

சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு வேகமாக மினுக்கினால் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு. சாவிக்குள் இருக்கிற சிப்பை வண்டி அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. பல வண்டிகள் இந்த நிலையிலும் சுற்றும், ஆனால் பிடிக்காது, அல்லது பிடித்து ஒரு விநாடியில் அணையும். சாவிக்கொத்தில் இன்னொரு வண்டியின் சாவி தொங்கினால் கழற்றிவிட்டு முயலுங்கள், வீட்டில் இருக்கிற ஸ்பேர் சாவியையும் போட்டுப் பாருங்கள். ஸ்பேரில் கிளம்பினால் மெக்கானிக்கே வேண்டாம்.

இப்போது செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது லேசாகத் துள்ளும், ஒரு 200 பக்கம். ஆணி அடித்த மாதிரி பூஜ்ஜியத்திலேயே நின்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் விழ வேண்டும். சில வண்டிகளில் எல்லாம் சரியாக இருந்தாலும் முள் ஆடாது என்பதால், வண்டி நன்றாக இருக்கிற ஒரு நாளில் ஸ்டார்ட் ஆவதை டேஷ்போர்டு தெரிய, சத்தத்தோடு ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), படிக்க ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் வருகிறது. பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 என்றால் கேம் சென்சார் (வால்வுகளை இயக்குகிற தண்டைக் கவனிப்பது) சர்க்யூட். 'சர்க்யூட்' என்பதைக் கவனியுங்கள், ஒயரும் கனெக்டரும் அதில் சேர்த்தி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: கோடு எதுவும் வரவில்லை என்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. என் வண்டியில் இரண்டு இடத்தில் ஸ்கேன் போட்டார்கள், இரண்டிலும் சுத்தம். கோடு பார்ப்பதைவிட, செல்ஃப் அடிக்கும்போது லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் வருகிறதா என்று பார்ப்பது மேல். 150க்கும் 250க்கும் நடுவில் ஏதாவது வந்தால் சென்சார் வேலை செய்கிறது, பூஜ்ஜியம் என்றால் இல்லை.

4. பெட்ரோல் வருகிறதா

டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, சிரிக்காதீர்கள். ரேம்ப்பில் சரிவாக நிற்கிற வண்டியில் முள் பொய் சொல்லும். சிஎன்ஜி வண்டி என்றால் பெட்ரோலுக்கு மாற்றி ஒரு தடவை முயலுங்கள்.

அப்புறம் பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, சாவியை ஆனில் வையுங்கள். சீட்டுக்கு அடியிலிருந்து 'ங்ங்ங்' என்று இரண்டு விநாடி ஒரு முனகல் கேட்டு நிற்கும், அதுதான் பம்ப். கேட்டால் பம்ப்புக்கு உயிர் இருக்கிறது, பிரஷர் போதுமா என்பது வேறு கேள்வி, அதற்கு கேஜ் வேண்டும். கேட்கவில்லையென்றால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பம்ப்பின் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ரிலே. பக்கத்திலேயே ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே எண் அச்சிட்ட, அதே கால்கள் உள்ள ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் ரிலே போனதற்கு முழு பம்ப்பும் மாற்றியவர்கள் உண்டு.

பெட்ரோல் பைப்பைக் கழற்றிப் பார்க்கிற வேலை நமக்கு வேண்டாம். உள்ளே பிரஷர் இருக்கும், சூடான இன்ஜின் மேல் பீய்ச்சினால் வண்டியோடு நாமும் போவோம்.

5. பொறி வருகிறதா

பிளக்கைக் கழற்றத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இது. இன்ஜின் ஆறிய பிறகு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை, அல்லது அடித்து அடித்து மூழ்கடித்துவிட்டீர்கள். மூழ்கியிருந்தால் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டு வெறும் காற்றை அனுப்பும், உள்ளே காயும். பிளக் காய்ந்துபோய் இருந்தால் பெட்ரோலே வரவில்லை, நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

பழைய கார்புரேட்டர் காலத்து வழக்கத்தில் ஒயரைக் கழற்றி பாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பொறி பார்க்கச் சொல்வார்கள். பொறிக்குக் கரன்ட் தருகிற இந்தக் கால காயிலில் பல்லாயிரம் வோல்ட், ஷாக்கும் அடிக்கும், கம்ப்யூட்டரும் போகலாம். அதற்கென்று ஸ்பார்க் டெஸ்டர் விற்கிறது, மெக்கானிக்கிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

6. சூட்டில் நின்றதா, குளிரில் நின்றதா

இதைத்தான் யாரும் என்னிடம் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்று தடவையும் வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் டிராஃபிக்கில் ஓடிய பிறகுதான் நின்றது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. கிராங்க் சென்சார் என்பது கட்டை விரல் அளவு ஒரு பிளாஸ்டிக் பொருள், இன்ஜினின் அடிப்பக்கம், பல் வைத்த ஒரு சக்கரத்தை ஒட்டி, ஒரே ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும். அந்தத் தகவல் வராவிட்டால் இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பொறியும் கொடுக்காது, பெட்ரோலும் விடாது. உள்ளே இருக்கிற மெல்லிய ஒயர் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது, ஆறினால் திரும்ப ஒட்டிக்கொள்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். பேட்டரி வாங்கி வந்து மாற்ற முக்கால் மணி நேரம். பிளக் மாற்ற ஒரு மணி நேரம். பம்ப்புக்கு அரை நாள். வண்டியைக் கிளப்பியது அந்தப் புதுப் பாகம் எதுவும் இல்லை, காத்திருந்த நேரம்தான். மெக்கானிக்குகள் ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன், அவர்களும் பாகத்தை மாற்றினோம், கிளம்பிவிட்டது என்றுதான் நம்பினார்கள்.

பம்ப் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஆன் செய்ததும் இரண்டு விநாடி ஓடுகிற பம்ப், இன்ஜின் சுற்றுகிறது என்ற தகவல் வந்தால்தான் தொடர்ந்து ஓடும். தகவல் இல்லாததால் பம்ப் ஓடவில்லை, ஓடாததால் பம்ப் போச்சு என்று முடிவு கட்டினார்கள். அன்றைக்குப் பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. சம்பந்தமில்லாத இரண்டு ஒரே நேரத்தில் போவது அபூர்வம். இரண்டும் இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவானது எது என்று தேட வேண்டும்.

அல்சூரில் நான்காவது முறை நின்றபோது வந்தவர் தர்மபுரிக்காரர், அறுபது வயதிருக்கும். பானெட்டைக் கூடத் திறக்கவில்லை. "எவ்ளோ நேரம் ஓட்டினீங்க சார்? ஆறினா கிளம்புதா?" என்றார். "ஆமாண்ணா, அரை மணி நேரம் கழிச்சு கிளம்பும்" என்றேன். உள்ளே எட்டி முள்ளைப் பார்த்தபடி ஒரு தடவை அடிக்கச் சொன்னார். முள் அசையவில்லை. என்னிடமிருந்த குடிதண்ணீரை வாங்கி, வண்டி துடைக்கிற துணியை நனைத்து, சாவியை எடுக்கச் சொல்லிவிட்டு, கையைக் கீழே விட்டு எதன் மேலோ வைத்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பீடி குடித்தார், வண்டியிலிருந்து பத்தடி தள்ளிப் போய். திரும்பி வந்து "இப்போ அடிங்க". முள் துள்ளியது, முதல் சுற்றிலேயே பிடித்தது.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் சாவியை வெளியே எடுத்த பிறகுதான். சாவியை எடுத்தாலும் சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும், விரலுக்கு ஆபத்து. தண்ணீரை ஊற்றாதீர்கள், பிழிந்த ஈரத் துணி போதும். கையெட்டாத இடத்தில் சென்சார் இருந்தால் விட்டுவிடுங்கள், மெக்கானிக்கிடம் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்: சூடானால் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது.

7. காலையில் திடீரென்று என்றால் எலி

நேற்று ராத்திரி நன்றாக நிறுத்திய வண்டி இன்று காலை பிடிக்கவில்லை என்றால் பானெட்டைத் திறந்து முதலில் மூக்கை நம்புங்கள். பெங்களூரு அபார்ட்மென்ட் பேஸ்மென்டுகளில் எலி ஒரு குடித்தனக்காரர் மாதிரி. ஏர் ஃபில்டர் பெட்டி மேல் புழுக்கை, கடித்துப் போட்ட ஸ்பான்ச், செம்பு தெரிகிற ஒயர். முழு ஹார்னெஸ்ஸும், அதாவது ஒயர் கட்டு முழுவதும், மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள், இரண்டு மூன்று ஒயர் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டுவிடுவார். முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் வேண்டாம், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். இன்ஷூரன்ஸில் கேட்கப் போகிறீர்கள் என்றால் சர்வேயர் பார்க்கிற வரை யாரும் கை வைக்கக் கூடாது.

8. டீசல்காரர்களுக்கு

பொறி கிடையாது என்பதால் ஐந்தாம் படியைத் தாண்டுங்கள். குளிர் காலையில் மட்டும் தகராறு என்றால் சிலிண்டரைச் சூடாக்குகிற குளோ பிளக். ஃபில்டர் மாற்றிய அடுத்த நாளே என்றால் லைனில் காற்று, ஃபில்டர் மேல் கைப்பம்ப் இருந்தால் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள் என்ற சந்தேகம் இருந்தால் சாவியை ஆனில் கூட வைக்காதீர்கள், டேங்க்கைக் காலி செய்த பிறகுதான் மற்றது.

9. டோயிங்கும் பேப்பரும்

பணம் கொடுத்து டோயிங் கூப்பிடும் முன் இன்ஷூரன்ஸ் பாலிசியைத் திறந்து ரோட்சைட் அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இருந்தது, இரண்டு தடவை 1,800 வீதம் கையிலிருந்து கொடுத்த பிறகுதான் தெரிந்தது. எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், வருடத்துக்கு எத்தனை தடவை என்பதையும் படியுங்கள். போன் செய்யும்போது பாலிசி எண், வண்டி எண், எங்கே நிற்கிறீர்கள் என்பது கையில் இருக்க வேண்டும். ஆர்சி, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கர் ஆப்பிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ இருந்தால் போதும், செல்லும். அத்திப்பள்ளி தாண்டி நெடுஞ்சாலையில் நின்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் போடுங்கள்.

பேஸ்மென்டில் நிற்கிற வண்டிக்கு ஒரு சிக்கல்: வண்டியை மேலே ஏற்றிப் போகிற ஃப்ளாட்பெட் லாரி உள்ளே வராது, கூரை இடிக்கும். ரேம்ப்பில் மேலே தள்ள ஆள் வேண்டும், வாட்ச்மேன் அண்ணாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். கிளம்பும் முன் நாலு பக்கமும், கிலோமீட்டர் எண்ணும் போட்டோ.

வாரன்டி இருக்கிற வண்டி என்றால் வெளியாளை ஒயரில் கை வைக்க விடாதீர்கள், நேரே சர்வீஸ் சென்டர்தான்.

10. கராஜில் பேசுவது

"பேட்டரி போச்சுன்னு நினைக்கிறேன்" என்று நீங்களே தீர்ப்பு சொல்லிவிட்டால் பேட்டரிதான் மாறும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: எவ்வளவு நேரம் ஓடியது, சூடா குளிரா, முள் ஆடியதா, பம்ப் முனகியதா. ஊரில் பல மெக்கானிக்குகளுக்குத் தமிழ் வரும், வராவிட்டால் "செல்ஃப் ஹொடியுத்தெ, ஸ்டார்ட் ஆகல்ல" என்று கன்னடத்தில் ஆரம்பித்தால் முகமே மாறும்.

கோளாறு கண்டுபிடிக்கத் தனியாகக் காசு தருகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். நிறையப் பேர் இதைத் தண்டம் என்று நினைக்கிறார்கள், ஆனால் கண்டுபிடிக்கக் காசு கிடைக்காதபோது பாகம் மாற்றித்தான் அவர் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பாகம் மாற்றினாலும் ஏன் என்று கேளுங்கள், எந்த அளவு தப்பாக வந்தது என்று கேளுங்கள், பழையதைத் திருப்பி வாங்குங்கள். பில் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 28 போட்டிருந்தால் விரலை வைத்துக் காட்டுங்கள்.

பாகத்தை நீங்களே வாங்குவதானால் உதிரி பாகக் கடைகள் இருக்கிற ஜேசி ரோடு. பழைய சென்சாரைக் கையோடு எடுத்துப்போங்கள், கனெக்டர் வடிவமும் மேலே அச்சிட்ட எண்ணும் ஒத்துப்போக வேண்டும். சென்சார் விஷயத்தில் டூப்ளிகேட் வேண்டாம், 300 ரூபாய்க்குக் கிடைப்பது அடுத்த ஏப்ரலைத் தாண்டாது. மாற்றிய பிறகு உடனே காசு கொடுத்துக் கிளம்பிவிடாதீர்கள். எது கோளாறு செய்ததோ அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். நான் அந்த அண்ணாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏசியைப் போட்டு, மதியம் இரண்டு மணிக்கு அல்சூரிலிருந்து சில்க் போர்டு வரை போய், அங்கேயே ஓரமாக நிறுத்தி அணைத்து, பத்து நிமிடம் சூட்டில் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மூன்று தடவை. மூன்று தடவையும் முள் துள்ளியது. அப்புறம்தான் 1,350ஐக் கொடுத்தேன்.